கான்வாய்க்கு முன் ஒரு மூட்டு வலி டீ

போன வாரம் இரண்டு டம்ளர் டீ, கிளம்புகிற பஸ்ஸையே நிறுத்திவைத்தது.

சாதாரண டீ இல்லை. மூட்டு வலி டீ. சுக்கு, மஞ்சள், மிளகு, முடக்கத்தான் பொடி, இன்னும் என்னென்னவோ போட்டுக் கொதிக்கவைத்து, ரசத்துக்கும் கஷாயத்துக்கும் நடுவில் வழி தெரியாமல் நிற்கிற ஒரு திரவம். அதில் எல்லாம் இருக்கிறது, தேயிலையைத் தவிர. அதற்கு டீ என்று பெயர் வைத்தவரைப் பார்த்தால் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது.

குடித்தது என் மதினி. குடிக்கவைத்தது என் அண்ணன். அவஸ்தைப்பட்டது? அதற்குத்தான் வருகிறேன்.

அண்ணன் பாராடாங் தீவில், படகு வந்து நிற்கும் ஜெட்டி பக்கம் கடை வைத்திருக்கிறார். சுண்ணாம்புக் குகை பார்க்க வரும் டூரிஸ்ட்டுகளுக்குத் தொப்பி, சிப்ஸ், தண்ணீர் பாட்டில். மதினிக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. இரண்டு வருடமாகக் கையில் வலி. முதலில் காலையில் எழுந்ததும் விரல்கள் மட்டும் மடங்க மறுத்தன. அப்புறம் மணிக்கட்டு. அப்புறம் தோள், முழங்கால், கழுத்துத் தசை... எங்கே வலிக்கிறது என்று கேட்பதைவிட எங்கே வலிக்கவில்லை என்று கேட்பது சுலபம் என்ற நிலைமை.

டாக்டரிடம் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனார்கள். உள்ளூர் டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "இது வயசு வலி இல்லை. மெயின்லேண்டிலிருந்து மூட்டு ஸ்பெஷலிஸ்ட் போர்ட் பிளேருக்கு வரும்போது போய்க் காட்டுங்க. தள்ளிப்போடாதீங்க."

(போர்ட் பிளேருக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள். போர்டு மாறிவிட்டது. வாய்தான் மாறவில்லை.)

ஸ்பெஷலிஸ்ட் என்பவர் எங்கள் தீவுகளில் ஏறக்குறைய கப்பல் மாதிரி. வருவார் என்பார்கள். வருவார். நாம் போய்ச் சேர்வதற்குள் போய்விடுவார். போன முறை அவர் வந்தபோது அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா?

"இப்பத்தானே டீ ஆரம்பிச்சிருக்கோம். கொஞ்ச நாள் பாப்போமே."

பார்த்தார்கள். விரல்களும் பார்த்துக்கொண்டே இருந்தன — ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி.

*

இந்த இரண்டு வருடத்தில் மதினிக்கு வந்து இறங்கிய டீக்களைச் சொன்னால் ஒரு குடோன் நிறையும். மெயின்லேண்ட் போய் வந்த காண்ட்ராக்டர் முடக்கத்தான் பொடி கொண்டுவந்தார். மாயாபந்தரிலிருந்து கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் எலுமிச்சைப் புல் கட்டு ஒன்றை வைத்துவிட்டுப் போனார். கார் நிக்கோபாரில் வேலை பார்த்துவிட்டு மாற்றலாகி வந்த கிளார்க், நோனிப் பழத்தைக் காயவைத்துக் கொடுத்தார். அந்தப் பழத்தின் வாசனை தெரிந்தவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் மௌனம் அனுஷ்டிக்கலாம்.

இவர்களாவது நேரில் வந்தார்கள். அண்ணனின் போனில் ஒருவர் தினமும் வருவார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், பின்னால் ஒரு மாமரம். "இந்த டீயைக் குடித்தால் கட்டிலில் கிடந்தவர்கூட எழுந்து ஓடுவார்." எங்கே ஓடுவார்? பாத்ரூமுக்கு. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் கேட்கிறேன்... யாருக்காவது கால் முறிந்தால் டீ சொல்கிறோமா? கண்ணில் தூசி விழுந்தால்? கடையின் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனால் அண்ணன் அதற்கு மஞ்சள் தடவிப் பார்க்கிறாரா? மறு நிமிடம் மெக்கானிக்குக்குப் போன் போகிறது! ஐஸ்கிரீம் உருகிவிடுமே. மதினியின் விரல்தான் ஐஸ்கிரீம் இல்லையே, அது காத்திருக்கலாம்.

வெளியே தெரியாத வலி, அதுவும் வீட்டுப் பெண்ணின் வலி என்றால், ஊரே டீ மாஸ்டர் ஆகிவிடுகிறது. "இந்த டீயைக் குடி" என்றால் அக்கறை என்று நினைக்கிறோம். பாதி நேரம் அதன் அர்த்தம் வேறு — நீ சொன்னதைக் கேட்டாச்சு, இனிமேல் சொல்லாதே.

நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். டீயின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. சூடான டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் விரலுக்கு இதமாக இருக்கிறது என்று மதினியே சொல்வார். அந்த இதத்துக்கு வெந்நீர் போதும். அதற்கு மாமரத்தடி டாக்டர் தேவையில்லை.

*

இந்த முறை ஸ்பெஷலிஸ்ட் வருகிறார் என்று தெரிந்ததும் நானே பாராடாங் போய்விட்டேன். போர்ட் பிளேரில் வேலை பார்க்கும் எனக்கு லீவு கிடைப்பது கஷ்டம். ஆனால் அண்ணனை நம்பினால் இன்னொரு பொடிக்கு வாய்ப்பு உண்டு. அந்த ரிஸ்க்கை எடுக்க நான் தயாராக இல்லை. டாக்டர் மதியம் வரை மட்டும்தான் பார்ப்பார். மறுநாள் காலை விமானத்தில் போய்விடுவார். ஆக, காலையின் முதல் கான்வாயைப் பிடித்தே ஆகவேண்டும்.

மெயின்லேண்ட் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். பாராடாங்கிலிருந்து போர்ட் பிளேர் போக, முதலில் ஃபெர்ரியில் கடலைத் தாண்ட வேண்டும். அக்கரையில் எல்லா வண்டிகளும் வரிசையில் நிற்கும். குறித்த நேரத்தில் போலீஸ் வண்டி முன்னால் போக, மொத்தமும் ஒன்றாகக் காட்டுக்குள் நுழையும். அதுதான் கான்வாய். பழங்குடிகளின் காப்பகம் அது. உள்ளே வண்டி நிற்கக் கூடாது, யாரும் இறங்கக் கூடாது. சரியான சட்டம்தான். அந்தக் காடு அவர்களுடைய வீடு. அடுத்தவர் வீட்டு வாசலில் நாம் இறங்கி நிற்க என்ன உரிமை இருக்கிறது?

ஆனால் அந்தச் சட்டத்தோடு, எங்கும் எழுதப்படாத இன்னொரு சட்டமும் உண்டு. அது பெண்களுக்கு மட்டும். கான்வாய்க்கு முன்னால் எதுவும் குடிக்கக் கூடாது. தண்ணீர், காபி, எதுவும். எழுந்ததிலிருந்து நாக்கை நனைப்பதோடு சரி. இந்தத் தீவுகளில் பெங்காலி, தெலுங்கு, மலையாளி, தமிழ், ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று எல்லாப் பெண்களையும் ஒன்றாக்கிய விஷயம் எது என்று கேட்டால், இந்தி என்பார்கள். இல்லை. காய்ந்த தொண்டை.

அன்று விடியற்காலை அடுப்படியில் அண்ணன் நின்றார். கையில், மதினி வடிகட்டி வைத்த டம்ளர்.

"ரெண்டு டம்ளராக் குடி. பஸ்ல உக்காந்தே வந்தா மூட்டு புடிச்சுக்கும்."

மதினி என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"அண்ணே, கான்வாய் இருக்கு. இப்பப் போயி டீயா?"

"கான்வாய்க்கும் டீக்கும் என்னத்தா சம்பந்தம்?"

"என்னங்க, போயிட்டு வந்து குடிக்கிறேனே..." — மதினி.

"பாத்தியா அபி? டீயக்கூட ஒழுங்காக் குடிக்க மாட்டா. அப்பறம் வலிக்குது வலிக்குதுன்னா எப்புடி?"

இதுதான் இந்த டீக்களின் பெரிய சௌகரியம். வலி குறைந்தால் டீயின் பெருமை. குறையாவிட்டால் குடித்தவளின் குற்றம். டீக்குத் தோல்வியே கிடையாது.

மதினி குடித்துவிட்டார். இரண்டு டம்ளர். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் சண்டை வேண்டாம் என்று.

*

மூவரும் பஸ்ஸோடு ஃபெர்ரியில் ஏறினோம். பாதிக் கடல் தாண்டும்போதே மதினி பேச்சை நிறுத்திவிட்டார். அக்கரையில் பஸ் வரிசையில் போய் நின்றதும் என் காதில் சொன்னார்: "அபி, முடியாது."

இறங்கி ஓடினோம். மதினியால் ஓட முடியாது, முழங்கால் விடாது. ஓடுவது மாதிரி நடந்தோம். கழிப்பறை முன்னால் டூரிஸ்ட் பெண்களின் வரிசை. எனக்குத் தெரிந்த நாலு மொழியிலும் கெஞ்சி மதினியை உள்ளே அனுப்பினேன். வெளியே என்ஜின்கள் ஒவ்வொன்றாக உறும ஆரம்பித்தன.

மதினி வரவில்லை.

கதவைத் தட்டினேன். "மதினி! கான்வாய் கிளம்புது!"

மறுபடி தட்டினேன். தாழ்ப்பாள் திறந்தது. "உள்ள வா அபி" என்றார்.

பாவாடை நாடா. முடிச்சு. அவ்வளவுதான் விஷயம். அதை அவிழ்க்க மதினியின் விரல்களால் முடியவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடவே இல்லை. அந்த அவசரத்தில், அந்த அவஸ்தையில், ஒரு முடிச்சோடு அவர் தனியாகப் போராடிக்கொண்டு நின்றிருக்கிறார்.

"லூசாத்தான் போட்டேன். எப்படியோ இறுகிருச்சு..." என்றார். என்னவோ அது அவர் செய்த தப்பு மாதிரி.

நான் அவிழ்த்தேன். எனக்கு அது ஒரு நொடி வேலை.

எந்நேரமும் நைட்டியிலேயே இருக்கிறாள், ஒரு சேலை கட்டினால் என்ன என்று அண்ணன் அலுத்துக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே, மரியாதையாக இருக்கட்டும் என்று அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்துச் சேலை கட்டியிருக்கிறார். நைட்டியில் நாடா இல்லை. இரண்டு வருடமாக அந்த வலியை ஒரே வீட்டில் பார்ப்பவருக்கு அந்தக் கணக்கு விளங்கவில்லை. அவருக்கு டீப் பொடியின் அளவு கிராம் சுத்தமாகத் தெரியும்.

*

வெளியே வந்தால், பஸ் நின்றுகொண்டிருந்தது!

தானாக நிற்கவில்லை. பஸ்ஸின் படியில் ஒரு பெங்காலி அம்மா இரண்டு கம்பியையும் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றிருந்தார். காலடியில் காய்கறிக் கூடை. டூரிஸ்ட் கார்கள் ஒவ்வொன்றாக எங்கள் பஸ்ஸைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

"தீதி, ஹடோ நா! கேட் பந்த் ஹோ ஜாயேகா!" — கேட்டை மூடிவிடுவார்கள், நகருங்கள் என்று கண்டக்டர் கத்தினார்.

"ஹோனே தோ! வோ லட்கி ஆயேகி, தப் ஜாயேகா!" அந்தப் பெண் வந்தால்தான் பஸ் போகும். தீர்ப்பு முடிந்தது.

அண்ணன் ஜன்னலோரம் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். என்ன நடந்தது என்பதைப் பிறகு பின் சீட்டுத் தெலுங்குப் பெண் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். மனைவிக்கு என்ன ஆயிற்று என்று அந்த பெங்காலி அம்மா அண்ணனைக் கேட்டிருக்கிறார். அண்ணன் கொஞ்சம் பெருமையாகவே பதில் சொல்லியிருக்கிறார்: "சாய் பிலாயா. தர்த் கே லியே." வலிக்கு டீ கொடுத்தேன்.

"கான்வாய் சே பெஹலே சாய்?! பாகல் ஹை க்யா தூ?"

கான்வாய்க்கு முன்னால் டீயா, பைத்தியமா உனக்கு என்று அந்த அம்மா கேட்டதும், பஸ்ஸில் இருந்த அத்தனை பெண்களும் அவரவர் பாஷையில் அண்ணனைக் கவனித்திருக்கிறார்கள். எந்த டீயாலும் அந்த வலி தீராது.

கடைசிக் காருக்குப் பின்னால் எங்கள் பஸ் நுழைந்தது. கேட் மூடியது. காடு இரண்டு பக்கமும் ஓடியது. அப்புறம் அண்ணன் மெதுவாகக் கேட்டார்:

"நீங்க யாருமே எதுவும் குடிக்காமத்தான் வருவீங்களா?"

"ம்."

"எப்ப இருந்து?"

"கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து" என்றார் மதினி. ஜன்னலைப் பார்த்தபடி.

கான்வாயோடு கான்வாயாக இத்தனை வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த மனிதர். கையில் தண்ணீர் பாட்டிலோடு. தண்ணீர் பாட்டில் விற்பதே தொழில். ஒரு தடவைகூட "உனக்கு வேண்டாமா?" என்று தோன்றவில்லை... கேட்டால், அவளுக்குத் தாகம் எடுக்காது என்று சொல்வார் போல.

*

டாக்டர் சென்னைக்காரர். தமிழிலேயே பேசலாம் என்றதும் மதினிக்குப் பாதி தைரியம் வந்தது. அவர் மதினியின் கைகளை மேஜைமேல் வைக்கச் சொல்லி, ஒவ்வொரு விரல் மூட்டாக அழுத்திப் பார்த்தார்.

"காலையில விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கும்?"

"டீ போட்டு முடிக்கிற வரைக்கும் ரொம்ப இருக்கும் டாக்டர். அப்புறம் மெல்ல விடும்."

"எந்த வேலை செய்யறப்போ அதிகமா வலிக்குது?"

மதினி யோசித்தார். "இஞ்சி தட்டறப்போ. டப்பா மூடி திறக்கறப்போ. கொதிக்கிற சட்டியைப் பிடிச்சு இறக்கறப்போ. எல்லாத்தையும்விட, வடிகட்டின துணியை முறுக்கிப் பிழியறப்போ... உயிரே போயிரும்."

"துணியில எதைப் பிழியறீங்க?"

"டீதான்."

"இவ்வளவு கஷ்டப்பட்டு யாருக்கு டீ?"

"எனக்குத்தான் டாக்டர். வலிக்கு."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தார். எலும்புக்கூடு யாரையும் பார்க்கவில்லை. எனக்கே அந்த நிமிடம்தான் உறைத்தது — ஊரே டீ சொன்னது. கொண்டுவந்து கொடுத்தது. யாரும் போட்டுக் கொடுக்கவில்லை.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. உடம்பே தன் மூட்டுகளைத் தாக்குகிற நோய், மாத்திரையை இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும், ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது என்றார். வலது கையின் இரண்டு விரல்களைத் தொட்டுக் காட்டினார்.

"இது ரெண்டும் வளைஞ்சது வளைஞ்சதுதான். நிமிராதுன்னு நினைக்கிறேன். மத்ததைக் காப்பாத்தலாம். போன முறை நான் வந்தப்பவே காட்டியிருந்தா..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை.

"டீ... டீ குடிக்கலாமா டாக்டர்?" — அண்ணன்தான். இவ்வளவுக்கும் பிறகு!

"தாராளமா. ருசிக்குக் குடிங்க. மருந்துக்குப் பதிலா குடிக்காதீங்க."

வெளியே வந்ததும் அண்ணன், "ரெண்டு வெரல்தானேன்னு..." என்று எதையோ ஆரம்பித்தார். மதினி திரும்பிப் பார்த்தார். அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

நாடா விஷயத்தை எழுதலாமா என்று அன்றிரவு மதினியிடம் கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டார். பிறகு சொன்னார்: "எழுது. உங்கண்ணன் பேப்பர்ல வந்தாத்தான் எதையும் நம்புவாரு."

*

மறுநாள் திரும்பிப் போகும் பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிடப் போயிருந்தேன். முன் சீட்டில் ஓர் அண்ணாச்சி. அவருக்கும் பாராடாங்தான், அண்ணன் கடைக்கு நாலு வீடு தள்ளி. மருந்துப் பையைப் பார்த்தார். மதினியின் கையைப் பார்த்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"கை வலியாம்மா? இங்கிலீஷ் மருந்தெல்லாம் சூடும்மா. நான் ஒரு டீ சொல்றேன் பாருங்க. சுக்கு, சித்தரத்தை, கொஞ்சம் ஓமம். தட்டி, நாலு டம்ளர் தண்ணி ஒரு டம்ளராச் சுண்டற வரைக்கும் கொதிக்கவச்சு, துணியில வடிகட்டி, வெறும் வயித்துல..."

நான் வாயைத் திறந்தேன். மதினி என் முழங்கையில் கை வைத்து அடக்கினார். அண்ணாச்சி பேசி முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்:

"ரொம்ப நல்லதுண்ணாச்சி. நாளைக்குக் காலையில போட்டு எடுத்துட்டு வாங்க, குடிக்கிறேன்."

நேற்று மதினியிடம் போனில் கேட்டேன். மாத்திரை ஒழுங்காகப் போகிறதாம். அண்ணாச்சி இப்போதெல்லாம் எதிர்ப்பக்கத் தெருவழியாகத்தான் ஜெட்டிக்குப் போகிறாராம்.